பதறாத ரத்தம்

சங்கரலிங்கத்தின் புது இதயத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தவள் எதிர்வீட்டு உலகம்மாள்தான். முன்னறையில் பூந்தொட்டி வைப்பதுபோல் வைத்திருந்த கண்ணாடிக் குடுவையின் ஓரத்தில், தன் கண்மையைச் சுண்டுவிரலால் தொட்டு ஒரு தீற்று. உள்ளே வெளிர்மஞ்சள் நீரில் மிதந்தபடி, கைக்கு அடங்கும் சதையொன்று லபக் லபக்கென்று துடித்துக்கொண்டிருந்தது.

"என்னமா தேறியிருக்கு பாத்தியளா! போன வாரம் கோலிக்குண்டு கணக்கா கெடந்துச்சி. கண்ணு பட்டுரும்லா" என்றாள்.

படக்கூடிய கண்களில் முக்கால்வாசி அவளுடையது என்பது அந்தத் தாழ்வாரத்து வீடுகள் அத்தனைக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

நிலவில் இது அதிசயமில்லை. அங்கே மனிதனுக்கு எடை ஆறில் ஒரு பங்கு. ரத்தத்தைத் தலை வரைக்கும் தூக்கிவிட இதயம் மெனக்கெட வேண்டியதில்லை. வேலையில்லாத ஆள் எப்படி ஆவானோ அப்படி அதுவும் வருஷத்துக்கு வருஷம் மெலிந்து சுருங்கும். ஐம்பது தாண்டியவர் வீட்டில் முன்னறையில் நெஞ்சுக்குடுவை ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போவதுபோல் அக்கம்பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போகும். நிறம் யாரைப்போல, துடிப்பு யாரைப்போல என்று அபிப்பிராயமும் சொல்லும்.

வந்து பார்ப்பதற்குத் தடையும் கிடையாது. கிழக்குத் தாழ்வாரத்துக்கு மொத்தமும் ஒரே காற்று. ஒரு முனையில் விசிறி தள்ளினால் வீடு வீடாகப் புகுந்து மறுமுனையிலுள்ள பாசித் தொட்டியில் போய்ச் சுத்தமாகித் திரும்பும். ஒருவர் கதவைச் சாத்தினால் அடுத்தவருக்கு மூச்சு முட்டும். ஆகவே கதவுகள் எப்போதும் திறந்தே கிடக்கவேண்டும் என்பது சட்டம். காற்றோடு பொரியல் வாசனை போகும், சண்டை போகும், இருமல் போகும். ஒரு வீட்டில் பெருமூச்சு விட்டால் நாலாவது வீட்டில் காரணம் கேட்பார்கள்.

குடுவையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த பகவதியின் முழங்கையில் முடிந்தது. பகவதி, சங்கரலிங்கத்தின் ஒரே மகள். அவள்தான் இந்த நெஞ்சுக்கு ஊட்டாள், அதாவது ரத்தம் ஊட்டுகிற ஆள். செல்கள் அப்பாவுடையவை, அவருடைய தோலில் சுரண்டி எடுத்து இதயச் செல்லாக மாற்றி வலைச்சட்டத்தில் தூவியவை. ஆனால் இதயத் தசைச் செல் ஒரு விசித்திரப் பிறவி. அது ஒன்று இரண்டாகப் பெருகாது. இருக்கிற செல்லே நீண்டு பருத்துத்தான் முழு இதயம் ஆகவேண்டும். அப்படி வளரு என்று அதனிடம் யாராவது வந்து சொல்லவேண்டும். சொல்கிற ஆளுக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். செல்லின் தோலில் ஏற்பி என்னும் கதவுகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து தட்டும், கதவு திறக்கும், உள்ளே வேலை தொடங்கும்.

தொழிற்சாலையில் செய்த ஹார்மோனை ஊற்றிப் பார்க்காமல் இல்லை. அது இரவும் பகலும் ஒரே சீராகத் தட்டியது. ஓயாமல் தட்டுகிறவனுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? செல்கள் செவிடாகிவிட்டன. தூங்கி எழுந்து, பசித்து, உண்டு, உலாவுகிற ஒரு உடம்பின் ஏற்ற இறக்கம்தான் அவற்றுக்குப் புரிந்தது. அதுவும் சொந்த ரத்தமாக இருந்தால் மட்டும்.

ஆகவே பகவதி ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே அழுதாள். "எப்பா, ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் இருக்கமாட்டேன்" என்று மணிக்கொரு தரம் சொன்னாள். திறந்த கதவுக்கு வெளியே நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குடுவையில் நெஞ்சு ஊதிக்கொண்டே வந்தது.

அழாத ஒருத்தி அந்த வீட்டில் உண்டு. சங்கரலிங்கத்தின் தங்கை ஆவுடையம்மாள். பாசித் தொட்டியில் வேலை, அண்ணன் வீட்டு உள்ளறையில் வாசம். வடதுருவச் சுரங்கத்துக்குப் போன புருஷன் அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தகவல் வந்த அன்றைக்கும், மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவள். தாழ்வாரம் இதை இன்னும் மன்னித்தபாடில்லை. இப்போதும் அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரோடு ரம்மி ஆடிக்கொண்டிருந்தாள். ஆடியதுகூடப் பரவாயில்லை, ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்காளிகிட்ட ஒரு ஆட்டம் விட்டுக்குடுத்தா என்னவாம்?" என்று உலகம்மாள் குடுவையிடம் கேட்டாள்.

"விட்டுக்குடுத்தா நான் சாகப்போறேன்னு அர்த்தம்ளா" என்றார் சங்கரலிங்கம் கட்டிலில் இருந்து. பேசியதற்கே மூச்சு வாங்கியது. "இவ போடுத போட்டப் பாத்தா நான் இன்னும் இருபது வருசம் இருப்பேன்போல."

ஆவுடை சீட்டைக் கலைத்தாள். அண்ணன் பிழைத்துவிடுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாளை விடியும் என்பதில் சந்தேகப்படாததைப் போல.

டாக்டர் ஜெபராஜ் வந்தது அதற்கடுத்த வாரம். கையுறை மாட்டி, குடுவைக்குள் விரலை விட்டு நெஞ்சை மெல்ல அமுக்கினார். முகம் மாறிவிட்டது. இன்னொரு தரம் அமுக்கினார்.

"இது ஆகாதும்மா."

"என்ன டாக்டர் சொல்லுதிய? இவ்வளவு பெருசா வளந்திருக்கே!" பகவதி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"அதாம்மா கோளாறு." நெஞ்சை விளக்குக்கு எதிரே தூக்கிக் காட்டினார். "வளர்ச்சியில ரெண்டு சாதி இருக்கு. நல்ல ஹார்மோன் தட்டுனா செல்லு நீளும், அறை விரியும், ரத்தம் நிறையப் பிடிக்கும். ஓடி ஆடுத பிள்ளைக்கு, வயித்துல பிள்ளை சுமக்கவளுக்கெல்லாம் அப்படித்தான் வளருது. பதறும்போது சுரக்குத ஹார்மோன் தட்டுனாலும் வளரும். ஆனா அகலத்துக்கு. சுவரு தடிச்சு, நார் பாஞ்சு, உள்ள இடமே இல்லாமப் போயிரும். பாருங்க, அறை பாக்கு அளவுகூட இல்ல. இதப் பொருத்துனா துடிக்கும், ரத்தம் போகாது."

வாசலில் கூடியிருந்தவர்களுக்குச் சுவர், நார், அறை ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது.

"அப்போ இந்தப் பிள்ளை தகப்பன நெனச்சுக் கவலைப்பட்ட கவலைதான் இம்புட்டுத் தண்டி வளந்து நிக்குதா?" என்றாள் உலகம்மாள்.

"அப்படியும் சொல்லலாம்" என்றார் டாக்டர், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரியாமல்.

அவ்வளவுதான். வீணாய்ப்போன நெஞ்சைப் பார்க்க மேற்குத் தாழ்வாரத்திலிருந்துகூட ஆள் வந்தது. தன் மகள் இதில் பாதியாவது தடிக்கவைப்பாளா என்று அவரவர் தம் வீட்டுப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார்கள். பகவதி அழுதாள்தான், ஆனால் தலையை நிமிர்த்திக்கொண்டு அழுதாள்.

சங்கரலிங்கத்தின் பழைய இதயத்துக்கு இன்னும் ஒரு விளைச்சல் தாங்கும் காலம்தான் மிச்சம். டாக்டர் தாமதிக்காமல் புதுக் குடுவை வைத்தார். ஊட்டாள் யார் என்று பார்க்கப் பதற்றமானியைக் கொண்டுவந்தார். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் முள் நகரும். நீலத்தில் நின்றால் ஊட்டலாம், சிவப்புக்குப் போனால் கூடாது. மகன் கணபதிக்குச் சிவப்பு. அப்பாவுக்குப் பின் இந்த வீடு யார் பேருக்கு ஒதுக்கப்படும் என்று அவன் நிர்வாக அலுவலகத்தில் இரண்டு முறை விசாரித்தது நமக்குத் தெரியும். எதைப் பற்றிய கவலை என்று கருவிக்குத் தெரியாது. அதற்கு எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு.

ஆவுடையின் சொட்டு விழுந்தது. முள் நீலத்தின் அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு, வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்படி ஒரு ரத்தத்த நான் பாத்ததே இல்லக்கா! துளி பதட்டம் கிடையாது. அண்ணாச்சி தப்பிச்சிட்டாரு!"

நல்ல செய்தியை உரக்கச் சொல்வது அவர் வழக்கம். கதவுகள் திறந்திருந்தன. விசிறி அதை வீடு வீடாகக் கொண்டுபோனது.

"கூடப் பொறந்தவன் கட்டில்ல கெடக்கான்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "துளி பதட்டம் கிடையாதாம்."

ஆவுடைக்குக் காது சூடாயிற்று. அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சின்னதுலயே அப்படித்தானேளா. காத்துக் கசிவுக்கு மணி அடிச்சப்ப எல்லாரும் கத்துனோம், நீ மட்டும் என் மடியில தூங்குன. ஊட்டுதியா?"

"ஊட்டாம? சீட்டு எடுங்க."

ஊட்டினாள். வேலைக்கு விடுப்புப் போட்டு, குழாயைக் கையில் மாட்டிக்கொண்டு, அண்ணனோடு சீட்டாடிக்கொண்டே ஊட்டினாள். இரண்டாவது நெஞ்சு நிதானமாக வளர்ந்தது. மெல்லிய சுவர், விசாலமான அறை. ஒவ்வொரு துடிப்புக்கும் மீன் வாய் திறப்பதுபோல் விரிந்து மூடியது. டாக்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி உருகினார். தம் சொந்தச் செலவில் படம்கூட எடுத்துக்கொண்டார்.

பார்க்க வந்தவர்கள் உருகவில்லை.

"இதென்ன, நோஞ்சானா இருக்கு?" என்றாள் உலகம்மாள். இந்த முறை பொட்டு வைக்க அவள் கை எழவில்லை. வைக்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? "பகவதி ஊட்டுனப்ப இந்நேரம் குடுவை நெறஞ்சிருந்துச்சி. மனசுல இருந்தால்லா ரத்தத்துல வரும்."

அதன்பிறகு பேச்சு காற்றோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. ஒரு முனையில் கிளம்பியது மறுமுனைக்குப் போகும்போது கொஞ்சம் பருத்திருந்தது. ஆவுடை அண்ணனுக்குப் பதறவில்லை என்பது, அண்ணன்மேல் பாசமில்லை என்றாயிற்று. பாசமில்லை என்பது, போனால் போகட்டும் என்றிருக்கிறாள் என்றாயிற்று. பாசித் தொட்டியை எட்டியபோது, புருஷன் ஓடிப்போனதற்கும் இதுதான் காரணம் என்றாயிற்று. தண்ணீர் வரிசையில் அவள் போய் நின்றால் முன்னால் நிற்பவர்கள் வழிவிட்டார்கள். மரியாதைக்கு அல்ல. பகவதி அத்தையிடம் பேசுவதையே விட்டுவிட்டு, அத்தை காதில் விழும்படி குடுவையிடம் பேசினாள்.

"ஒன்னயத் திட்டமாட்டேன் கண்ணு. ஒனக்குக் கெடைக்கது அவ்வளவுதான்."

ஆவுடை முதலில் கண்டுகொள்ளவில்லை. ஊர் வாய் அவளுக்குப் புதிதா? ஆனால் முன்பெல்லாம் வீட்டுக்குள் போனால் முடிந்துவிடும், பாசித் தொட்டிக்குள் இறங்கினால் மறந்துவிடும். இப்போது குழாயைக் கையில் மாட்டிக்கொண்டு, திறந்த வாசலுக்கு நேரே, காட்சிப்பொருளாக உட்கார்ந்திருக்கிறாள். எப்படி உட்கார்ந்தாலும் யாரோ ஒருவருக்கு அது தப்பாகப்பட்டது. சிரித்தால், சிரிக்கிறாள் பார். சும்மா இருந்தால், கல்லுப்போல இருக்கிறாள் பார். ஒருநாள் உலகம்மாள் எட்டிப்பார்த்த நேரத்தில் அவள் சட்டென்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்ட பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, அவளுடைய நெஞ்சு.

அன்றைக்கு முள் நீலத்தின் நடுவுக்கு வந்திருந்தது.

"என்னக்கா, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல."

"மாத்திரை கீத்திரை போட்ராதிய. நீங்க பதட்டம் கொறைய மாத்திரை போட்டா அது கொழாய் வழியாப் போயி நெஞ்சோட கதவையும் அடைச்சிரும்."

"அந்தக் கதவ அடைக்க வேண்டாம்" என்றாள் ஆவுடை. "இந்தக் கதவ அடைக்க முடியுமா?" வாசலைக் காட்டினாள்.

டாக்டர் சட்டத்தைச் சொன்னார். மருத்துவமனையில் இடம் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். ஆனால் அங்கே காற்றுக் கசிவு விபத்தில் நுரையீரல் பழுதானவர்கள் வராந்தாவரை கிடந்தார்கள்.

மறுநாள் சீட்டு. வாசலில் நான்கு பேர் நின்றார்கள். ஆவுடையின் கையில் ஜெயிக்கிற சீட்டு இருந்தது. அதைக் கீழே இறக்கப்போனவள், வாசலைப் பார்த்தாள். பிறகு வேறொரு சீட்டைப் போட்டாள்.

"நான் ஜெயிச்சிட்டேன்" என்றார் சங்கரலிங்கம், நம்பாமல். வாசலில் ஒரு திருப்தியான முணுமுணுப்பு எழுந்து கலைந்தது. அவர் எட்டி, தங்கையின் கையிலிருந்த சீட்டுகளைப் பிடுங்கி விரித்துப் பார்த்தார். ஜெயிக்கிற சீட்டு அப்படியே இருந்தது.

"ஏளா... விட்டுக்குடுத்தியா?"

"இல்லண்ணே. கவனிக்கல."

"நெசமாச் சொல்லு. டாக்டர் ஒங்கிட்ட ஏதும் சொல்லிட்டாரா? நான் போயிருவனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல..."

"பின்ன ஏன் விட்டுக்குடுத்த?"

ஆவுடை சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள். வாசலில் நின்ற உலகம்மாளுக்காக என்று எப்படிச் சொல்வது? அவள் குனிந்து சீட்டு அடுக்கியதை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சீட்டுக்கட்டை அவள் நீட்டியபோது, முதல்முறையாக வேண்டாம் என்றார். அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று பிடி தளர்ந்தது. நாளை விடியுமா என்று முதல்முறையாக யோசித்தாள்.

அன்றிலிருந்து முள் இறங்கவே இல்லை. இறங்கவில்லையே என்ற பயத்தில் இன்னும் ஏறியது. மாற்றி ஊட்டவைக்க வேறு சொந்த ரத்தமும் இல்லை. பதறக்கூடாது பதறக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லி இதுவரை எவர் அமைதியானார்? ஊர் கல்நெஞ்சுக்காரி என்கிறது, அதனால் பதறுகிறாள். பதறினால் அண்ணன் போய்விடுவார், அதனால் மேலும் பதறுகிறாள். எந்தப் பதற்றம் யாருக்காக என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குடுவைக்குள் செல்கள் ஒன்றும் கேட்கவில்லை. கதவு தட்டப்பட்டது, திறந்தன, தடித்தன.

ஒரு காலை உலகம்மாள் எட்டிப்பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"ஏட்டி இங்க வாங்க எல்லாரும்! தேறிட்டுல்லா நெஞ்சு! எப்படிப் பருத்திருக்கு பாருங்க!"

தாழ்வாரம் திரண்டு வந்தது. மீன்வாய் போல் திறந்து மூடிய நெஞ்சு இப்போது இறுக்கிப் பிடித்த முஷ்டியாக இருந்தது. உலகம்மாள் ஆவுடையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "நான் என்னென்னமோ பேசிட்டேன் தாயி. மனசுல வச்சிக்கிடாத. உள்ளுக்குள்ள எம்புட்டுப் பாசத்தப் பூட்டி வச்சிருக்க!" கண்மையைத் தொட்டுக் குடுவையில் பொட்டும் வைத்தாள். பகவதி வந்து அத்தையின் தோளில் சாய்ந்து தேம்பினாள்.

ஆவுடை குடுவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கட்டிலிலிருந்து சங்கரலிங்கமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வந்து அமுக்கிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. வந்தார், அமுக்கினார், கையுறையைக் கழற்றினார்.

மூன்றாவது விளைச்சலுக்கு நேரம் இல்லை. அந்த வாரக் கடைசியில் சங்கரலிங்கம் போய்விட்டார். கையில் சீட்டு இருந்தது, ஆடவில்லை, பிடித்திருந்தார்.

நிலவில் எரிப்பதற்குக் காற்றை வீணாக்குவதில்லை. உடலை மண்ணறைக்குக் கொண்டுபோய் விதைநிலத்தில் சேர்ப்பார்கள். ஊட்டாள் குடுவையைச் சுமந்து முன்னால் நடக்கவேண்டும் என்பது வழக்கம். முதல் ஊட்டாள் பகவதியா, இரண்டாவது ஊட்டாள் ஆவுடையா என்று பேச்சு வந்தபோது தாழ்வாரமே ஒரே குரலில் ஆவுடை என்றது. இரண்டு நெஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆவுடை வளர்த்ததுதான் கொஞ்சம் தடிமன். அவள் நடந்தாள். இருபுறமும் திறந்த கதவுகளில் பெண்கள் நின்று கும்பிட்டார்கள். "அண்ணன்னு உசுரையே விட்டவ" என்று கைக்குழந்தைக்குக் காட்டினார்கள். தண்ணீர் வரிசையில் வழிவிட்டவர்கள் இப்போதும் வழிவிட்டார்கள்.

வீடு திரும்பியபோது டாக்டர் ஜெபராஜ் காத்திருந்தார். முழங்கையில் பதித்திருந்த குழாய்வாயை எடுக்கவேண்டும். எடுக்குமுன் கடைசியாக ஒரு சொட்டு பார்க்கவேண்டும் என்பது விதி. காய்ச்சல், தொற்று ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

சொட்டு விழுந்தது. முள் ஒருதரம் ஆடிவிட்டு, நீலத்தின் அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

டாக்டர் அதைப் பார்த்தார். ஆவுடையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, இந்த முறை மெதுவாகச் சொன்னார்.

"இந்த ரத்தம் இன்னும் ஒரு பத்து நாள் இப்படியே இருந்திருந்தா..."

ஆவுடை முள்ளையே பார்த்தாள். அண்ணன் போன துக்கம் அவளுக்குள் அப்படியே இருந்தது. அதைக் கருவி கணக்கில் எடுக்கவில்லை போலும். ஊரில் தன்னைப் பற்றி இப்போது ஒருவரும் தப்பாகப் பேசவில்லை என்பதை மட்டும் எடுத்திருந்தது. வெட்கத்திலாவது முள் நகரும் என்று காத்திருந்தாள். நகரவில்லை.

வாசலில் உலகம்மாள் நின்றிருந்தாள். "என்ன சொல்லுதாரு டாக்டர்? ரொம்பப் பதறுதோ புள்ளைக்கு?"

ஆவுடை நிமிர்ந்தாள். திறந்த கதவையும், அதற்கு அப்பால் திறந்த கதவுகளையும் பார்த்தாள்.

"ஆமா மதினி" என்றாள். "ரொம்பப் பதறுதாம்."

"பதறாதா பின்ன!" உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போனாள்.

முள் அசையாமல் கிடந்தது.